மாதிரி ஏரி

தரையில் இருந்த ஈரத்தை ஜெபராஜ் மூன்றாவது முறையாக விரலால் தொட்டு மோந்து பார்த்தான். எண்ணெய் வாசனை இல்லை. சோப்பு இல்லை, சாக்கடையும் இல்லை. வெறும் தண்ணீர். அதுதான் அவனுக்குக் கவலையாக இருந்தது.

பொருட்காட்சியின் நாற்பத்தொன்றாம் எண் அரங்கு அது. ஏரி மதகுப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒதுக்கியது. பெருங்களத்தூரைத் தாண்டி, கரைமேடு நிறுத்தத்தில் இறங்கினால் முதலில் ஒரு பிள்ளையார் கோயிலின் முதுகு தெரியும். கும்பிட நினைப்பவர்கள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வர வேண்டும். கோயிலைத் தாண்டினால் மைதானம். அரசு அரங்குகளெல்லாம் கிழக்கே ஒரே வரிசை. கடைசியாக மனு போட்ட நாற்பத்தொன்றுக்கு மட்டும் அங்கே இடமில்லாமல் போய், வேடிக்கைகள் இருக்கும் பக்கம் தள்ளிவிட்டார்கள். இடது புறம் கடற்கன்னி. வலது புறம் டெல்லி அப்பளம். எதிரே ராட்சத ராட்டினம்.

இதனால் கூட்டம் வருமென்று ஜெபராஜ் நினைத்திருந்தான். கூட்டம் வந்தது. கடற்கன்னிக்கு வந்தது, அப்பளத்துக்கு வந்தது. நடுவில் இருந்த ஏரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரி என்றால் ஆறடி நீளம், நாலடி அகலத்தில் மேசைமேல் இருந்த ஒரு மாதிரி. அலுவலகக் கிடங்கிலிருந்து எடுத்து வந்தது. யார் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர்ப் பலகையின் முன்பாதியைக் கரையான் தின்றுவிட்டு 'ஏரி' என்ற சொல்லை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. தெரியாத பெயரை எழுதிவிடக்கூடாதே என்று ஜெபராஜ் இரண்டு நாள் யோசித்து, 'மாதிரி ஏரி' என்று தன் கையால் எழுதி ஒட்டினான். தப்பாவதற்கு வாய்ப்பே இல்லாத பெயர். மதகின் பிடியைத் திருகினால் தண்ணீர் வாய்க்காலில் ஓடி மேசைக்குக் கீழே உள்ள வாளியில் விழும். சின்ன மோட்டார் அதை மறுபடியும் மேலே ஏற்றும்.

இப்போது வாளிக்கு வெளியேயும் தண்ணீர்.

"என்ன ஜெபராஜ், தரையெல்லாம் ஈரம்?"

சத்தியநாதன் வாசலில் நின்றிருந்தார். ஜெபராஜின் மேலதிகாரி. தினமும் நாலு மணிக்கு வந்து ஒரு குறை சொல்லிவிட்டு, பக்கத்தில் ஓர் அப்பளம் வாங்கிக்கொண்டு போவது அவர் வழக்கம்.

"தெரியல சார். பாத்துகிட்டு இருக்கேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? மேல ஏரி. கீழ தண்ணி. ஒழுகுது."

"அது ஒரு சாத்தியம் சார்."

"வேற என்ன சாத்தியம்?"

ஜெபராஜ் யோசித்தான். சத்தியநாதன் காத்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு சீஃப் இன்ஜினியர் வர்றாரு. ஏரியைக் காப்பாத்தற ஆபீசு ஒரு மேஜை ஏரியை ஒழுகாம வெச்சிக்க முடியலன்னு நாலு பேர் சிரிச்சா, என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது? உன் புரொபேஷன் ஃபைல் என் பையிலதான் இருக்கு. அவரு வரும்போது தரை காஞ்சிருந்தா, இங்கேயே கையெழுத்து வாங்கித் தர்றேன். ஈரமா இருந்தா இன்னும் ஒரு வருஷம்."

அந்த ஒரு வருஷம் ஜெபராஜுக்குச் சாதாரண வருஷம் இல்லை. அனகாபுத்தூரில் ஜான்சி இருந்தாள். ஜான்சியின் அப்பா சவுரிமுத்து, "வேலை நெரந்தரம்னு பேப்பர் வரட்டும் தம்பி, மறுநாளே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்" என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. மூன்றாவது வருஷத்துக்கும் ஜான்சி காத்திருப்பாள். சவுரிமுத்து காத்திருப்பாரா என்பதுதான் கேள்வி. போன மாதம் துபாய் மாப்பிள்ளை ஒருவரைப் பற்றி அவர் இரண்டு முறை பேசியிருந்தார்.

ஜெபராஜ் எதையும் முறையாகச் செய்கிறவன். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். இழுத்ததில் திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடியும் வருவான். எனவே அன்று ராத்திரிக்குள் செய்ய வேண்டியவற்றைச் சட்டைப் பை நோட்டில் எழுதிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

முதலில் மதகைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைத்தான். மதகு இறுகிப்போய்த் திருக முடியாமல் ஆனது. பரவாயில்லை, திருகிப் பார்க்க இதுவரை யாரும் வரவில்லை. அடுத்து, ஏரிக்கரையை ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தான். கரைமேல் கட்டைவிரல் அளவில் ஒரு கோயில் ஒட்டியிருந்தது. அது பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. செய்தவர் அவசரத்தில் மாற்றி ஒட்டிவிட்டார் போலிருக்கிறது. சீஃப் இன்ஜினியர் கண்ணில் முதலில் இதுதான் படும் என்று தோன்றவே, ஜெபராஜ் அதைப் பிடித்து மெல்லத் திருப்பினான். கோயில் திரும்பவில்லை. கரையில் ஒரு விரிசல் விட்டது. அதுவரை ஒழுகாத இடத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

அதையும் எம்-சீல் வைத்து அடைத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்து பார்த்தபோது ஈரம் இரண்டு மடங்காகியிருந்தது. மேசையின் நான்கு கால்களும் தனித்தனிக் குட்டையில் நின்றன.

அப்பளக் கடை அன்பு எட்டிப் பார்த்தான். முப்பது வயசு, எண்ணெய்ப் புகையில் பாதிக் கண்ணை மூடியே பேசிப் பழகியவன்.

"இன்னா சார், தண்ணி ஜாஸ்தியா கீது? நாங்க லாரித் தண்ணிக்கு நாயா பேயா அலஞ்சிகினு கீறோம். உனக்கு மட்டும் சும்மா வருதா?"

"அதான் அன்பு எனக்கும் புரியல. இந்த கிரவுண்டுல ஏது தண்ணி?"

அதை அவன் தெரிந்தே சொன்னான். மே மாதம் இந்தப் பொருட்காட்சிக்கு மைதானம் கேட்டபோது, பார்வையிட்டு எழுதிக்கொடுக்க வந்தவன் அவன்தான். இரண்டு நாள் வெயிலில் பத்தடிக்கு ஓரிடமாக நின்று பார்த்தான். குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் முதல் நாள் பதினொரு மணிக்கே தீர்ந்து, சுற்றிலும் ஒரு குழாய்கூட இல்லாமல், மயங்கி விழப் போனவனை ஓர் ஆட்டோக்காரர் பெருங்களத்தூருக்கு ஏற்றிக்கொண்டு போய் இளநீர் வாங்கிக் கொடுத்தார். மறுநாளும் போனான். நாலு பக்கம் எழுதினான். 'நீர்நிலை உள்ளதா' என்ற பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியபோது அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு சத்தியநாதன் அவனைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

அன்று சாயங்காலம் ஜெபராஜ் ஒரு பரிசோதனை செய்தான். ஒரு பாட்டில் நீல மையை வாங்கி மாதிரி ஏரியில் ஊற்றினான். தரையில் நீலம் தெரிந்தால் ஒழுகுவது ஏரி. தெரியாவிட்டால் வேறு ஏதோ.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தான். தரைத் தண்ணீர் பழுப்பாகவே இருந்தது. நீலமாகியிருந்தது மக்களின் விரல்கள்தான். நல்ல நீல நிறத்தில் ஏரி இருப்பதைப் பார்த்துச் சிலர் உள்ளே வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஓட்டுப் போட்டவர்களைப் போலக் கையைப் பார்த்தபடி வெளியே போனார்கள்.

அப்படியென்றால் ஏரி ஒழுகவில்லை. அந்த முடிவில் ஜெபராஜ் முழுதாகப் பத்து நிமிஷம் நிம்மதியாக இருந்தான். பிறகு, மரப்பலகையில் ஊறி வரும்போது மை வடிகட்டப்பட்டிருக்குமோ என்று தோன்றியது.

போனில் ஜான்சியிடம் சொன்னான்.

"மையை வடிகட்டற பலகை இருந்தா அதை ஸ்டால்ல வெச்சி வித்துடு" என்றாள் ஜான்சி. "உன் ஏரியை விடு. பக்கத்துல யாருகிட்ட தண்ணி இருக்கு?"

பக்கத்தில் கடற்கன்னி இருந்தாள்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு ஜெபராஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று உள்ளே போனான். இருட்டு. நீல விளக்கு. பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் தங்கமீன்கள் நீந்த, பச்சை வாலோடு ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்துத் தலைவாரிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஜெபராஜ் முட்டி போட்டுத் தொட்டியின் அடி விளிம்பைப் பார்த்தான். இடது ஓரம் காய்ந்திருந்தது. வலது ஓரத்தைப் பார்க்கத் தவழ்ந்து போனான்.

"இன்னா அண்ணாத்த," என்றாள் கடற்கன்னி. "எல்லாம் என்னியப் பாக்குது. நீ மட்டும் கீழ இன்னா தேடற?"

"டேய், பேசுதுடா" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்க தொட்டி ஒழுகுதான்னு பாக்கறேங்க" என்றான் ஜெபராஜ் பணிவாக.

கடற்கன்னி சீப்பைக் கீழே வைத்தாள். "ஷோ முடியட்டும். பின்னாடி வா."

பின்னால் போனபோது அவள் வாலை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பெயர் பேபி. கோவளத்துக்காரி.

"என் ஷோவுல ஒழுகுதுன்னு நாலு பேர் முன்னால சொல்லிட்டியே. இங்க வா, நீயே தொட்டுப் பாரு."

ஜெபராஜ் தொட்டுப் பார்த்தான். தொட்டி என்பதே இல்லை. நாலு விரல் இடைவெளியில் இரண்டு கண்ணாடிகள். நடுவில் இரண்டு குடம் தண்ணீரும் ஒன்பது தங்கமீனும். அதற்குப் பின்னால் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு டேபிள் ஃபேன்.

"நீங்க தண்ணிக்குள்ள இல்லையா?"

"எனக்குத் தண்ணி பட்டாலே தும்மல் வந்துடும் அண்ணாத்த. எட்டு வருசமா கடல்கன்னியா கீறேன். ஒரு நாளு நனஞ்சதில்ல." டீயை உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ரெண்டு நாளாத்தான் முதுகு ஜில்லுன்னு கீது. பாயி பழசாப்பூடுச்சி. மாத்தணும்."

ஜெபராஜ் ஆச்சரியத்தோடு இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே விரலால் அளந்து பார்த்தான். ஒரு நிமிஷம் தன் கவலைகூட மறந்துவிட்டது. இத்தனை மெல்லிய கடலைக் காட்டி இத்தனை பேரை நம்ப வைக்க முடிகிறது. நாற்பது லிட்டர் தண்ணீர் இருந்தும் தன் ஏரியை யாரும் நம்பவில்லை. பிறகு நினைவு வந்தவனாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். அதில் விரல் நீளத்தில் ஒரு மீன் துள்ளியது.

"இது உங்க மீனா? என் மேஜைக்குக் கீழ கெடந்துது."

பேபி பையை விளக்கில் தூக்கிப் பார்த்தாள். "மீசை வெச்ச மீனுல்லாம் என்னாண்ட இல்ல. இது கெளுத்தி. யாருனா மார்க்கெட்டுல வாங்கிகினு வந்து உன் கடையில வுட்டுட்டுப் போயிருப்பாங்க. கொயம்பு வெய்யி."

நோட்டில் கடற்கன்னியை அடித்துவிட்டு ஜெபராஜ் அன்புவிடம் போனான்.

"பாத்திரம் கழுவற தண்ணியை எங்க ஊத்தறீங்க அன்பு?"

"இன்னாத்தக் கழுவறது? இங்க இருக்கறதே ஒரு சட்டி. அதுல எண்ணெ. எண்ணெ ஒழுவுனா நான் இப்டி குந்திகினு இருப்பனா? உருண்டு பொரண்டு அழுவ மாட்டேன்?"

"அப்போ இந்தத் தண்ணி எங்கேருந்துதான் வருது?"

"தெரியாதா?"

"தெரியல."

"ஆபீசரு, உனக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியல அன்பு."

அன்பு ஓர் அப்பளத்தை எண்ணெயிலிருந்து தூக்கி நிறுத்தி யோசித்தான். பிறகு எழுந்து ஸ்டூல்மேல் ஏறி நின்று, அப்பளம் விற்கும் அதே குரலில் கூப்பிட்டான்.

"வா வா வா, நாப்பத்தொண்ணாம் நம்பருல தானா வர்ற தண்ணி. எங்கேந்து வருது, ஆபீசருக்கே தெரியாது. டிக்கெட்டு கெடையாது. பாத்துட்டு வந்து அப்பளம் துன்னு."

"அன்பு, வேணாம்" என்றான் ஜெபராஜ். அதற்குள் பத்துப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் வரிசை ராட்டினம் வரை போனது. வரிசையின் கடைசியில் சேர்ந்தவர்கள் முன்னால் நின்றவர்களைக் கேட்டார்கள்.

"உள்ள இன்னா காட்றாங்க?"

"தண்ணி."

"தண்ணியில இன்னா?"

"அது எங்கேந்து வருதுன்னு தெரியாதாம்."

"ஓ" என்று சொல்லிவிட்டு இன்னும் ஆர்வமாக நின்றார்கள். வெளியே வந்தவர்கள் எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார்கள். இவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறும் ஈரத்தைப் பார்த்தோம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அந்தத் தலையாட்டலைப் பார்த்து இன்னும் இருபது பேர் சேர்ந்தார்கள்.

உள்ளே வந்தவர்கள் மேசையைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும், "இது இன்னாது?" என்று கேட்டார்.

"மாதிரி ஏரிங்க. இதுல மதகு எப்படி வேலை செய்யுதுன்னா..."

"கொஞ்சம் நவுரு தம்பி, தண்ணிய மறைக்கறே."

ஒருவர் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். ஓர் அம்மா மேசைக் காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினாள். நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்ததில், ஈரமாக இருந்த தரை சேறானது. சேறாக இருந்த இடம் பள்ளமானது. பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கியது. ஜெபராஜ் நாலு பலகை கொண்டுவந்து போட்டான். எதிரே ராட்டினக்காரர்களும் இரண்டு நாளாக ஒரு பக்கக் காலுக்குக் கீழே பலகை செருகிக்கொண்டிருந்தார்கள். இவன் இரவல் கேட்டபோது, "எங்களுக்கே பத்தல சார்" என்றுதான் கொடுத்தார்கள்.

ஏழு மணிக்கு, அன்று நேரில் வராத சத்தியநாதன் போனில் வந்தார்.

"நம்ம அரங்குக்கு ஆயிரத்து எரநூறு பேர் வந்தாங்களாமே? கடல்கன்னியைத் தூக்கிச் சாப்பிட்டுட்டியாம். வெரி குட் ஜெபராஜ். மதகைப் பத்தி நல்லா வெளக்கமா சொன்னியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன் சார்."

"தரை?"

ஜெபராஜ் தரையைப் பார்த்தான். ஒரு தவளை பலகையின்மேல் ஏறி உட்கார்ந்து அவனைப் பார்த்தது.

"வேலை நடந்துகிட்டு இருக்கு சார்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு முடிவோடு வந்தான். நோட்டில் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது ஒரே ஒரு பெயர். அவனுடைய ஏரி. பலகை மையை வடிகட்டுகிறதோ இல்லையோ, ஏரியில் தண்ணீரே இல்லையென்றால் ஒழுக முடியாது. மதகை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டதால் திறந்துவிடவும் வழியில்லை. குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றி, சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ராட்டினத்தைத் தாண்டி இருந்த 'பேய் வீடு' வேடிக்கைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான். நாலு நடை. கடைசியில் துண்டால் ஏரியைத் துடைத்து, அன்புவிடம் மின்விசிறி வாங்கி வைத்துக் காயவிட்டான். மை படிந்த ஏரித் தரை நீலமாகக் காய்ந்தது. மூன்று மணிக்கு மாதிரி ஏரியில் ஒரு சொட்டு இல்லை.

நாலு மணிக்குத் தரையில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. பலகைகள் மிதந்தன. பேய் வீட்டிலிருந்து ஒரு பேய் வந்து, பின்பக்கம் ஒரே சேறாக இருக்கிறது, இனிமேல் அங்கே தண்ணீர் கொட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனது.

ஜான்சியின் செய்தி வந்தது. 'அப்பா கேட்டார். அஞ்சு மணிக்கு மேல சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.'

ஐந்து மணிக்குச் சரியாக சீஃப் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர். அவசரப்படாதவர். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே சத்தியநாதன் ஷூவோடு இறங்கினார். அவர் ஜெபராஜைப் பார்த்த விதத்தில் ஒரு வருஷம் இரண்டு வருஷமாகியிருந்தது.

"ஏரி காஞ்சிருக்கு. தரையில தண்ணி நிக்குது" என்றார் சீஃப் இன்ஜினியர்.

"சார், இது ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார் சத்தியநாதன்.

"நீங்க இருங்க. தம்பி சொல்லட்டும். இது எங்கேருந்து வருது?"

ஜெபராஜ் நோட்டைத் திறந்தான். எழுதியிருந்ததைப் படிப்பது அவனுக்குத் தைரியமாக இருந்தது.

"நாலு நாளா பாத்துட்டேன் சார். மாதிரி ஏரி இல்ல, காலையில காலி பண்ணிட்டேன். அப்பளக் கடை இல்ல, அங்க எண்ணெதான். மழை இல்ல, பருவமழை நின்னு பன்னண்டு நாள் ஆச்சு. லாரி இந்தப் பக்கம் வர்றதில்ல. கடற்கன்னியும் இல்ல சார், அவங்க காஞ்சிதான் இருக்காங்க."

"காஞ்சி இருக்காங்களா?"

"தொட்டுப் பாத்துட்டேன் சார்." ஒரு விநாடி விட்டு, "கண்ணாடியை" என்றான்.

சீஃப் இன்ஜினியரின் உதடு லேசாக அசைந்தது. "மிச்சம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். அதான் புரியல."

"பூமிக்குள்ளேருந்து வந்தா?"

சத்தியநாதன் முந்திக்கொண்டார். "வாய்ப்பே இல்ல சார். இந்த எடத்துக்கு நம்ம ஆபீஸ்லேருந்துதான் சான்று குடுத்தோம். நீர்நிலை இல்லன்னு நாலு பக்கத்துக்கு ரிப்போர்ட். அதைப் பண்ணதே இந்த ஜெபராஜ்தான்."

சீஃப் இன்ஜினியர் திரும்பினார். "பத்தடிக்கு ஓரிடம் நின்னு பாத்து எழுதினது நீங்களா? ஆட்டோக்காரர் இளநீர் வாங்கிக் கொடுத்ததுவரைக்கும் எழுதியிருந்தீங்களே?"

"நடந்ததை விடக்கூடாதுன்னு எழுதிட்டேன் சார். மே மாசம். குடிக்கக்கூட ஒரு சொட்டு இல்ல."

"ரெண்டு தடவை படிச்சேன் அதை." அவர் ஜெபராஜின் தோளைத் தொட்டார். "நம்ம டிபார்ட்மென்ட்ல எல்லாரும் நாற்காலியில உக்காந்துகிட்டே 'இல்லை'ன்னு எழுதறாங்க. நீங்க வெயில்ல நின்னு எழுதியிருக்கீங்க. இங்கயும் பாருங்க, தெரியாததைத் தெரியலன்னு சொல்றீங்க. சத்தியநாதன், இவரு புரொபேஷன் ஃபைல் எங்க?"

சத்தியநாதன் பையிலிருந்து எடுத்தார். தரையெல்லாம் தண்ணீர். காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃபைலை மாதிரி ஏரியின் நடுவில், நீலத்தரையின்மேல் விரித்து வைத்தார். சீஃப் இன்ஜினியர் குனிந்து, நிதானமாகப் படித்து, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜெபராஜ் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். காலுக்கு நடுவே ஏதோ மீசையால் உரசிக்கொண்டு போனது. அவன் குனிந்து பார்க்கவில்லை. சவுரிமுத்துவுக்கு இதைப் போட்டோ எடுத்து அனுப்பலாமா, இல்லை அசலையே காட்ட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா."

வாசலில் சீஃப் இன்ஜினியரின் டிரைவர் தனசிங் நின்றிருந்தார். முட்டி வரைக்கும் சேறு.

"என்ன தனசிங்?"

"வண்டியோட பின் டயரு ரெண்டும் உள்ள போயிட்டுதுங்க ஐயா. கோயிலாண்டதான் வுட்டிருந்தேன். சூடம் ஏத்திட்டு வரலாம்னு போனா, புள்ளையாரு ரோட்டுக்கு முதுகைக் காட்டிகினு இந்தப் பக்கமா பாத்துகினு கீறாரு. அவரைச் சுத்திகினு வர்றதுக்குள்ள வண்டி எறங்கிப் போச்சு."

"சரி, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளலாம்."

தனசிங் போகவில்லை. மேசைமேல் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் நடந்து கிட்டே வந்தார். கரைமேல் இருந்த கட்டைவிரல் கோயிலைத் தொட்டார். அதன் முதுகைத் தடவினார். அது பார்த்துக்கொண்டிருந்த திசையில், காய்ந்த நீலத்தின்மேல் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஃபைல் குறுக்கே நின்றதும் விரல் நின்றது.

"ஃபைலைக் கொஞ்சம் தூக்குங்க சார்," என்றார் தனசிங். "நாம நின்னுகினு கீற எடம் அதுக்கு அடியிலதான் கீது."